கழுத்துக்குக் கீழே

கிரீம்ஸ் ரோட்டில் அந்தக் காட்சிக்கூடத்துக்குள்
மழைக்குத்தான் ஒதுங்கினேன்.
குடை சொட்டிய தரையைக் காவலாளி பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

சுவர் முழுக்க ஒரே பெண், பன்னிரண்டு முறை.
எதிலும் முகம் இல்லை.
படுத்தபடி, உட்கார்ந்தபடி, வாளியருகே குந்தியபடி
தன் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தன்னை வரைந்திருந்தாள்.
மார்பு ஒரு மேடு. அதற்கப்பால் வயிறு.
வெகுதூரத்தில், வேறு யாருடையவோ போல, இரண்டு பாதம்.
கண்ணாடியிடம் எதையும் கேட்காத உடம்பு.
மழை விட்டது.
பெரம்பூர் பஸ் ஒன்று போனது. அடுத்ததும் போனது.

என் படங்கள் எல்லாம்
யாரோ சொல்ல நான் நின்றவை.
"தாடையக் கொஞ்சம் எறக்குங்க மேடம்."
"பல்லு தெரியாம சிரிம்மா."
ஆதார் அட்டையில் இருப்பவள் மேல்
எனக்கே சந்தேகம் உண்டு.
மின்வாரியக் கவுண்டரின் அரைவட்டத் துவாரத்துக்கு வெளியே
வரிசையில் நிற்பவர்களுக்கோ
நான் ஒரு கை, கொஞ்சம் சில்லறை,
"சர்வர் இல்லீங்க" என்கிற குரல்.

ஞாயிறு மதியம் வீட்டில் யாருமில்லை.
போன வருஷக் காலண்டரின் பின்பக்கம்.
மகன் பள்ளியில் மிச்சம் வைத்த வண்ணப் பெட்டி;
பச்சை காய்ந்து கல்லாகியிருந்தது.
சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன்.
நைட்டியோடா, இல்லாமலா?
எதிர்மாடியில் ஷாகிரா துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.
அவள் இறங்கும் வரை
பிரஷ்ஷை நனைத்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்துவிட்டு
கழற்றினேன்.

முதல் சிக்கல் மூக்கு.
நாற்பத்தாறு வருஷமாகப் பார்வைக்குள்ளேயே இருந்திருக்கிறது,
பார்த்ததே இல்லை.
வலக்கண்ணை மூடினால் வலப்பக்கம் தாவுகிறது,
இடக்கண்ணை மூடினால் இடப்பக்கம்.
இரண்டையும் வரைந்தேன், இரண்டு மங்கலான குன்றுகள்.
கீழே மூக்குக்கண்ணாடியின் விளிம்பு,
ஒரு கிணற்றின் வாய் போல.

'தோல் நிறம்' என்று எழுதியிருந்த குப்பியில்
வெளிர் ரோஜா.
யாருடைய தோலோ.
காவியும் கறுப்பும் குழைத்தேன், போதவில்லை,
இன்னும் கொஞ்சம் கறுப்பு.
செருப்பு வார் மூடும் இடத்துக்கு மட்டும்
அந்த ரோஜாவில் ஒரு சொட்டு இரவல் வாங்கினேன்.

மார்பு சுலபமாக வந்தது. அதற்கு அவசரமே இல்லை,
போன பக்கம் சாய்ந்து கிடந்தது.
அறுவைத் தழும்புதான் தெரியவில்லை.
வயிற்றைத் தூக்கினால்தான் தெரியும்.
தூக்கிப் பார்த்து வரைந்தால் ஏமாற்றா?
அரக்கோணம் லோக்கல் கூவிக்கொண்டு போகும் வரை யோசித்தேன்.
பிறகு தழும்பை வரைந்தேன்,
தூக்கும் கையையும் சேர்த்து.
சீல் மை ஒட்டிய கட்டைவிரல்.

பாதங்களுக்கு மேலே காகிதம் மிச்சமிருந்தது.
அங்கே கேஸ் சிலிண்டர், வாசற்படி, ஜன்னல்,
ஜன்னலில் ஷாகிராவின் வெறும் கொடி,
அதற்கும் மேலே
மறுபடி கறுக்கத் தொடங்கியிருந்த வானம்.
முகம் இருக்க வேண்டிய இடம் எதுவென்று
தேடிப் பார்த்தேன்.
இதெல்லாம்தான்.

சாயங்காலம் அவர் வந்தார்.
மேஜையில் காய்ந்துகொண்டிருந்ததை
எடுத்தார், திருப்பினார்,
பாதம் கீழே வரும்படி பிடித்தார்.
"தலை எங்க?"
திரும்ப நேராக்கிக் கொடுத்தேன்.
"காலு மேல இருக்கே. தலைகீழால்ல இருக்கு."
"இல்லை."
"பின்ன எங்கேர்ந்து பாக்கணும்?"

எழுந்து இடம் விட்டேன்.
உட்கார்ந்தார். மடியில் படத்தை வைத்துக்கொண்டார்.
ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்,
தன் வயிற்றைப் பார்க்கிறாரா என் வயிற்றையா
தெரியவில்லை.

"இந்த நாற்காலி ஆடுதே" என்றார்.

"பதினோரு வருஷமா" என்றேன்.